வீட்டுக்குப் போகும் நாளும் கண் பார்க்கும் தேதியும்: குறைமாதக் குழந்தையின் பெற்றோருக்கு

குழந்தை குறைமாதத்தில் பிறந்து என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறது என்றால், முதல் வேலையாக ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து, எடை, பால் அளவு, ரத்தப் பரிசோதனை என்று ஒரு நாளைக்கு இருபது விஷயம் காதில் விழும். அவற்றில் பெரும்பாலானவற்றை நர்ஸ்களே பார்த்துக்கொள்வார்கள். கண் பரிசோதனைத் தேதியை மட்டும் நீங்களே கையில் வைத்திருக்க வேண்டும். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. எங்கள் மகள் 28 வாரத்தில், 1,240 கிராம் எடையில் பிறந்தாள். ஆர்.ஓ.பி. என்ற மூன்றெழுத்தை அந்த வார்டில்தான் முதன்முதலாகக் கேட்டேன். ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி என்பதன் சுருக்கம் அது. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தநாளங்கள் தாறுமாறாக வளர்வதால் வரும் நோய். முற்றிவிட்டால் பார்வை முழுவதும் போகும். சரியான வாரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

நோட்டின் முதல் பக்கம்

இரண்டு எண்களை எழுதுங்கள். குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்தபோது எடை எத்தனை கிராம். உங்கள் குழந்தைக்குக் கண் பரிசோதனை தேவையா என்பதை இந்த இரண்டும்தான் முதலில் முடிவு செய்கின்றன.

அளவுகோல் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் 30 வாரம் அல்லது அதற்கு முன் பிறந்தவர்கள், அல்லது 1,500 கிராமும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்கள். பிரிட்டனில் 31 வாரம் முடிவதற்கு முன், அல்லது 1,501 கிராமுக்குக் கீழ். இந்தியாவில் வலை இன்னும் அகலமாக விரிக்கப்பட்டிருக்கிறது: 34 வாரத்துக்கு முன், அல்லது 2,000 கிராமுக்குக் கீழ். அங்கே கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கும் கடுமையான ஆர்.ஓ.பி. வருவதைக் கண் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்பதே காரணம்.

எண்கள் எல்லைக்கு வெளியே இருந்தாலும், குழந்தை பல நாள் ஆக்சிஜனிலோ வென்டிலேட்டரிலோ இருந்திருந்தால், ரத்தத்தில் கிருமித்தொற்று வந்திருந்தால், ரத்தம் ஏற்றியிருந்தால், எடை ஏறாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், “கண் பார்க்க வேண்டுமா?” என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறில்லை. இரட்டைக் குழந்தைகள் என்றால் இருவருக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும். எடை அதிகமாக இருப்பவனுக்கு வராது என்று யாரும் எழுதித் தரவில்லை.

தேதியைக் கணக்கிடுவது

பிறந்த மறுநாளே கண்ணைப் பார்த்துப் பயனில்லை. அப்போது நோய் இருக்காது. ரொம்பத் தாமதமாகப் பார்த்தால் சிகிச்சைக்கான நேரம் கடந்திருக்கும். நடுவில் இருப்பது ஒரு குறுகிய வாசல். அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

பிறந்தபோது எத்தனை வாரமோ, அதோடு பிறந்த பிறகு கடந்த வாரங்களைக் கூட்டுங்கள். கேஸ் ஷீட்டில் இதை பி.எம்.ஏ. என்று எழுதுவார்கள். இந்தக் கட்டுரையில் மொத்த வயது என்று வைத்துக்கொள்வோம். 27 வாரத்தில் பிறந்து 4 வாரம் ஆன குழந்தையின் மொத்த வயது 31 வாரம்.

அமெரிக்க, பிரிட்டன் முறைகளில் மிகச் சிறிய குழந்தைகளுக்கான கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: மொத்த வயது 31 வாரம் அல்லது பிறந்து 4 வாரம், இரண்டில் எது பிந்தி வருகிறதோ அப்போது முதல் பரிசோதனை. அதன்படி 25 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 6 வாரம் கழித்து. 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 4 வாரம் கழித்து. இந்திய முறை இன்னும் எளிது: பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் அல்லது 1,200 கிராமுக்குக் குறைவாகப் பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்கச் சொல்கிறார்கள்.

உங்கள் மருத்துவமனை எந்த முறையைப் பின்பற்றுகிறதோ, அதன்படி வரும் தேதியை நோட்டில் எழுதி வட்டம் போடுங்கள். அந்த நாள் வரும்போது குழந்தை இன்குபேட்டரில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் வேறு மருத்துவமனைக்கு மாறியிருந்தாலும் தேதி மாறாது. இடம்தான் மாறும்.

உள்ளே என்னதான் நடக்கிறது

கருவின் 16ஆவது வாரம் வாக்கில், கண்ணின் பின்புறம் பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து ரத்தநாளங்கள் விழித்திரையின் ஓரத்தை நோக்கி வளரத் தொடங்குகின்றன. தலைமதகிலிருந்து வாய்க்கால் வெட்டிக்கொண்டு போவதைப் போல. மூக்குப் பக்க ஓரத்தை 36 வாரத்தில் எட்டும். பொட்டுப் பக்கம், அதாவது காதுப் பக்கம், தூரம் அதிகம். அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 40 வாரம் ஆகிவிடும். 28 வாரத்தில் பிறந்த குழந்தையின் கண்ணில் கடைமடைக்கு இன்னும் வாய்க்கால் போகவில்லை.

கருப்பையில் ஆக்சிஜன் குறைவு. அந்தக் குறைவுதான் நாளங்களை முன்னே இழுக்கும் தூண்டுதல். வெளியே வந்த குழந்தைக்கு ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கிறது. அதோடு தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த வளர்ச்சிப் பொருள்களும் நின்றுபோகின்றன. வெட்டு வேலை பாதியில் நிற்கிறது. சில வாரம் கழித்து விழித்திரை வளர்ந்து, அதன் ஆக்சிஜன் தேவை கூடும்போது, நாளமில்லாத அந்த ஓரம் தாகத்தில் தவிக்கிறது. வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை அள்ளிக் கொட்டி ரத்தநாளங்களை அழைக்கிறது. அவசரத்தில் வருபவை ஒழுங்காக வருவதில்லை. கசியும், கொத்துக் கொத்தாகக் கிளைக்கும், விழித்திரையை விட்டு மேலெழுந்து கண்ணின் நடுவே நீளும். பிறகு தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையையே பிய்த்து இழுக்கும்.

இந்த இரண்டாம் கட்டம் பெரும்பாலும் மொத்த வயது 31, 32 வாரத்துக்குப் பின்தான் கண்ணில் தெரிய ஆரம்பிக்கிறது. முதல் பரிசோதனை ஏன் அந்தச் சமயத்தில் என்பது இப்போது புரியும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்பதும் புரியும். கருவிழி கறுப்பாக, கண் பளிச்சென்று இருக்கும். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கும். கண்மணி வெள்ளையாகத் தெரிவதும், இரண்டு மூன்று மாதமாகியும் முகத்தைத் தொடர்ந்து பார்க்காததும் மிகவும் பிந்தி வரும் அறிகுறிகள். அதுவரை காத்திருந்தால் செய்வதற்கு அதிகம் இருக்காது.

“அப்படியானால் ஆக்சிஜனைக் குறைத்துவிடலாமே” என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதற்கு ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1942இல் பாஸ்டனில் தியோடோர் டெர்ரி என்ற கண் மருத்துவர் இந்நோயை முதலில் விவரித்தார். அடுத்த பத்தாண்டில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தனர். 1950இல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். கட்டுப்பாடில்லாத ஆக்சிஜன்தான் காரணம் என்று 1950களின் நடுவில் உறுதியானதும், ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். கண் பிழைத்தது, உயிர்கள் போயின. இன்றும் அந்தத் தராசுதான். 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ரத்த ஆக்சிஜன் அளவை 85 முதல் 89 சதவீதத்தில் வைத்திருந்த குழந்தைகளிடம் கடுமையான ஆர்.ஓ.பி. குறைவாக இருந்தது. இறப்பு கூடுதலாக இருந்தது. அதனால்தான் இப்போது பல இடங்களில் 90 முதல் 95 வரை என்று எல்லை வைத்திருக்கிறார்கள். மானிட்டரில் 98, 99 என்று ஓடுவதைப் பார்த்து, குழந்தை நன்றாக இருக்கிறது என்று நாம் மகிழ்வோம். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அந்த எண் நல்ல செய்தி இல்லை. “மேல் எல்லைக்கு அலாரம் வைத்திருக்கிறீர்களா?” என்று பணிவாகக் கேட்கலாம்.

இத்தனை கவனமாக இருந்தும் சில குழந்தைகளுக்கு வரும். யார் தப்பும் அதில் இல்லை. நாம் பக்கத்திலிருந்து செய்யக்கூடியவை கொஞ்சம்தான்: தாய்ப்பால் கொடுப்பது, கை கழுவாமல் தொடாமல் இருப்பது, தினசரி எடையைக் குறித்துவைப்பது.

பரிசோதனை நாள்

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை ஐந்து பத்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று தடவை விடுவார்கள். முழுதாக விரிய முக்கால் மணி, ஒரு மணி நேரம் பிடிக்கும். வீட்டிலிருந்து வருகிறீர்கள் என்றால் அரை நாளை ஒதுக்கிவிடுங்கள். சொட்டு விட்டபின் கன்னத்தில் வழிவதைத் துடைத்துவிடுவது முக்கியம். இவ்வளவு சின்ன உடம்பில் தோல் வழியாக மருந்து உள்ளே போனால் ரத்த அழுத்தம் ஏறலாம். கண்ணைச் சுற்றித் தோல் சற்று வெளுத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதே மருந்தின் வேலைதான். சற்று நேரத்தில் சரியாகும்.

பால் கொடுப்பதை ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அழும்போது கக்கி, அது மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாது. எவ்வளவு நேரம் என்பதை நர்ஸிடம் கேட்டு அப்படியே செய்யுங்கள். பரிசோதனை முடிந்ததும் கொடுக்கப் பால் தயாராக இருக்கட்டும்.

பரிசோதனையைப் பார்க்கக் கடினமாக இருக்கும், மறைக்க விரும்பவில்லை. மரக்கவைக்கும் சொட்டு விட்டு, சின்னக் கம்பிக் கருவியால் இமைகளைப் பிரித்துப் பிடிப்பார்கள். டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். ஓரத்தைப் பார்க்கக் கண் வெண்மையை மெல்ல அழுத்திச் சுழற்றுவார். சில இடங்களில் கேமராவைக் கண்மேல் வைத்துப் படமெடுத்து, தூரத்திலிருக்கும் நிபுணருக்கு அனுப்புகிறார்கள். ஒரு கண்ணுக்குச் சில நிமிடம்தான். குழந்தை வீறிடும். துணியில் இறுகச் சுற்றிவைப்பதும், நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல் விடுவதும், யாராவது தலையை அணைத்துப் பிடிப்பதும் வலியைக் குறைக்கும். இதைச் செய்வார்களா என்று முன்பே கேளுங்கள். முதல் தடவை நான் வெளியே போய் நின்றேன். இரண்டாம் தடவை உள்ளே நின்று காலைப் பிடித்துக்கொண்டேன். வெளியே நின்றதுதான் அதிகம் வலித்தது.

முடிந்தபின் சில மணி நேரம் கண் கூசும். வெளிச்சத்தை மறைத்துத் தூக்கிச் செல்லுங்கள். இமை வீங்கலாம், வெள்ளை விழியில் சிவப்புத் திட்டு தெரியலாம். சில நாளில் போய்விடும். மூச்சு விட்டுவிட்டு நின்றால், உதடு நீலம் பாய்ந்தால், வயிறு உப்பித் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், கண்ணில் சீழ் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குப் பரிசோதனைக்குப் பின் மூச்சுத் தடுமாற்றம் வர வாய்ப்பு உண்டு என்பதால்தான் வார்டில் மானிட்டரைக் கழற்ற மாட்டார்கள்.

சீட்டில் வரும் மூன்று சொற்கள்

மண்டலம், நிலை, பிளஸ். இவை புரிந்தால் போதும்.

மண்டலம் என்பது ரத்தநாளங்கள் எதுவரை வந்திருக்கின்றன என்பது. 1 என்றால் நடுவிலேயே நிற்கிறது, ஆபத்து அதிகம். 2 என்றால் பாதிக்கு மேல் வந்திருக்கிறது. 3 என்றால் கடைமடையில் பிறை போல ஒரு துண்டுதான் பாக்கி. ஆக, மண்டலத்தில் எண் கூடினால் நல்லது.

நிலைக்கு இது தலைகீழ். 1 என்றால் நாளம் முடியும் இடத்தில் ஒரு கோடு. 2 என்றால் அது மேடாகிவிட்டது. 3 என்றால் மேட்டிலிருந்து தாறுமாறான நாளங்கள் கிளம்பிவிட்டன. 4இல் விழித்திரை பாதி பிரிந்திருக்கும். 5இல் முழுவதும் பிரிந்திருக்கும். நிலை 1, 2 என்று கேட்டதும் தலையில் கைவைக்க வேண்டாம், பெரும்பாலும் தானே வாடிவிடும்.

பிளஸ் என்பது கண்ணின் பின்புற நாளங்கள் பருத்து, நெளிந்து காணப்படுவது. இந்தச் சொல் வந்தால் விஷயம் அவசரமாகிறது. ஏ-ஆர்.ஓ.பி. என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். அது நிலை 1, 2, 3 என்று படியேறி வராமல் சில நாளிலேயே பாயும் வகை.

இரண்டு கண்ணுக்கும் இந்த மூன்றையும் தேதியோடு நோட்டில் எழுதி, நான்காவதாக ஒரு கட்டம் விடுங்கள். அடுத்த பரிசோதனை எப்போது? நாளங்கள் மண்டலம் 1இல் நின்றால் ஒரு வாரத்துக்குள், மண்டலம் 2இல் நிலை 1 என்றால் இரண்டு வாரத்தில், மண்டலம் 3 என்றால் இரண்டு மூன்று வாரத்தில் என்று ஏறத்தாழ இருக்கும். “நார்மல்” என்று மட்டும் யாராவது சொன்னால் நிம்மதியாகக் கிளம்பிவிடாதீர்கள். நோய் இல்லை என்பதும் நாளம் முழுதாக வளர்ந்துவிட்டது என்பதும் வேறு வேறு. “நாளம் ஓரம்வரை போய்விட்டதா, இன்னும் போகவில்லையா?” என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அடுத்த தேதி கட்டாயம் உண்டு.

வீட்டுக்குப் போகும் வாரம்

நோட்டு வாங்கச் சொன்னதே இதற்காகத்தான்.

சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நோய் வளர்வது பெரும்பாலும் மொத்த வயது 35 முதல் 38 வாரத்துக்குள். குறைமாதக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்புவதும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான். பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, ஆக்சிஜன் வேண்டாம் என்றாகிவிட்டது. எல்லாரும் சந்தோஷத்தில் இருக்கிறோம். கண்ணுக்கு மட்டும் அதுதான் உச்சமான ஆபத்துக் காலம். வார்டுக்குள் இருக்கும்வரை டாக்டர் குழந்தையைத் தேடி வந்தார். இனி நாம் போகாவிட்டால் யாரும் வர மாட்டார்கள்.

எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆறு மருந்துகளின் பெயர் இருந்தது, தடுப்பூசித் தேதி இருந்தது, கண் பரிசோதனை பற்றி ஒரு வரி இல்லை. யாரோ டைப் செய்ய மறந்திருந்தார்கள். மகளின் கண் அப்போது மண்டலம் 2, நிலை 2. நோட்டில் வட்டம் போட்டிருந்ததால் திரும்பிப் போய்க் கேட்டோம். நான்கு நாளில் தேதி இருந்தது.

ஆகவே, கையெழுத்துப் போட்டுக் கிளம்புவதற்கு முன் அடுத்த கண் பரிசோதனையின் தேதி, இடம், யார் பார்ப்பார்கள், அவர்களைக் கூப்பிட வேண்டிய எண் நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசிப் பரிசோதனைச் சீட்டின் நகல் ஒன்று கையில் வேண்டும். வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் அங்கே ஆர்.ஓ.பி. பார்க்கும் கண் மருத்துவர் யார் என்பதை இங்கேயே விசாரித்துவிடுங்கள். எல்லாக் கண் மருத்துவர்களும் குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக் கடையில் பார்க்கும் வேலையும் இல்லை.

அந்த நாளில் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் நீங்களாக “அடுத்த வாரம் போகலாம்” என்று தள்ளிவைக்காதீர்கள். போன் செய்து கேளுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் தள்ளலாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். “குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்குதே, கண்ணுக்கு என்ன?” என்று பாட்டி தாத்தா சொல்வார்கள். அவர்களிடம் வாதாட வேண்டாம், கூடவே கூட்டிப் போங்கள்.

சிகிச்சை வேண்டும் என்றால்

“உடனே” என்று டாக்டர் சொன்னால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் என்று அர்த்தம். வீட்டில் எல்லாரையும் கலந்து பேச அடுத்த ஞாயிறு வரை நேரமில்லை.

பல ஆண்டுகளாக நிலைத்து நிற்பது லேசர். நாளம் போகாத அந்த ஓரப் பகுதியைச் சுட்டுவிடுவார்கள். தாகமெடுக்கும் இடமே இல்லாமல் போனால் அழைப்பும் நிற்கும் என்பதுதான் கணக்கு. ஓரப் பார்வை கொஞ்சம் குறையும், கிட்டப்பார்வைக்கு வாய்ப்பு கூடும். நடுப் பார்வையைக் காக்கக் கொடுக்கும் விலை அது. மற்றொன்று, வி.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுக்கும் ஊசி. பெவாசிசுமாப், ரானிபிசுமாப் போன்ற மருந்துகளில் ஒரு துளிக்கும் குறைவாகக் கண்ணுக்குள் செலுத்துவார்கள். மண்டலம் 1இல் உள்ள நோய்க்கு இதைப் பலர் விரும்புகிறார்கள். வேகமாக வேலை செய்யும், விழித்திரையைச் சுடுவதில்லை. ஆனால் வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து நோய் திரும்பி வரலாம். அதனால் மொத்த வயது 65 வாரம் வரையாவது விடாமல் காட்ட வேண்டும். ஊசி போட்டாயிற்று, முடிந்தது என்று நினைப்பது எனக்குத் தெரிந்தவரை மிக ஆபத்தான தப்புக்கணக்கு. இரண்டில் எது என்று கேட்டால், உங்களால் எத்தனை தடவை திரும்பி வர முடியும் என்பதையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். முடிவில் அதற்கும் பங்கு உண்டு.

காத்திருக்காமல் முன்கூட்டியே சிகிச்சை செய்வது பலன் தருகிறது என்பதை 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆபத்து அதிகமான கண்களில், வழக்கமான நேரம்வரை காத்திருந்தபோது 15.6 சதவீதம் விழித்திரை மோசமாகச் சேதமடைந்தது. முன்னதாகச் செய்தபோது அது 9.1 சதவீதமாகக் குறைந்தது. நிலை 4, 5க்குப் போய்விட்டால் அறுவை சிகிச்சை உண்டு. 5இல் கிடைக்கும் பார்வை பெரும்பாலும் வெளிச்சமும் நிழலும் தெரியும் அளவோடு நின்றுவிடும்.

எப்போது நிறுத்தலாம், அதன்பின்

நாளங்கள் ஓரம்வரை வளர்ந்துவிட்டன என்றோ, நோய் முழுதாக வாடிவிட்டது என்றோ கண் மருத்துவர் எழுதித் தந்தபின்தான். சிகிச்சை தேவைப்படாத குழந்தைகளில் பலருக்கு மொத்த வயது 45 வாரம் வாக்கில் இந்த வரி கிடைத்துவிடும். எங்களுக்கு 43ஆவது வாரத்தில் கிடைத்தது, ஏழாவது பரிசோதனையில்.

அதோடு ஆர்.ஓ.பி. பரிசோதனை முடிகிறது, கண் பரிசோதனை முடிவதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, மாறுகண், ஒரு கண் சோம்பிப்போவது ஆகியவை மற்றவர்களைவிட அதிகம். லேசரோ ஊசியோ எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம், பிற்காலத்தில் விழித்திரை பிரியும் வாய்ப்பும் உண்டு. எனவே முதல் பிறந்தநாள் வாக்கில் ஒரு தடவை, பிறகு பள்ளிக்கூடம் சேரும்வரை டாக்டர் சொல்லும் இடைவெளியில் காட்டுங்கள். சிகிச்சை பெற்றவர்கள் ஆண்டுதோறும். ஒவ்வொரு புது டாக்டரிடமும் முதல் வாக்கியமாக, எத்தனை வாரத்தில் பிறந்தது, எத்தனை கிராம், எந்த மண்டலம், எந்த நிலைவரை போனது, என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். நினைவில் இல்லையென்றால் நோட்டை நீட்டுங்கள்.